வன்னியில் கடன் ஆலோசனை சொல்லப் பழகுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் வவுனியா வடக்கு, மடு, மாந்தைப் பகுதிகளிலும் மாதர் சங்கத் தலைவி, கமக்காரர் அமைப்பின் செயலாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆலய நிர்வாகி என ஏதோவொரு பொறுப்பில் இருப்பவர்களிடம் அயலவர்கள் கடன் சிக்கலோடு வருகிறார்கள். உதவ மனமிருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாதிருப்போருக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. சட்டத்தரணியின் ஆலோசனை தேவைப்படும் இடங்கள் ஆங்காங்கே சுட்டிக்காட்டப்பட்டுள்ளன. அங்கே இதை வைத்துச் சமாளிக்க முயல வேண்டாம்.

கடன் ஆலோசனை என்பது உண்மையில் என்ன வேலை?

கடன்பட்டவர் தம்முடைய எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் பார்க்கச் செய்வது, கட்டாமல் விட்டால் எது பறிபோகும் என்று பார்த்து அவற்றை வரிசைப்படுத்த உதவுவது, கடன் கொடுத்தவரோடு பேசுவதற்கு அவரைத் தயார்படுத்துவது, உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பது ஆகியவையே அந்த வேலை. பணம் கொடுப்பதும், பிணை நிற்பதும், இன்னோர் இடத்தில் கடன் எடுத்துத் தருவதும் அதில் சேரா. அவருடைய கட்டுக்காசை, அதாவது தவணைப் பணத்தை, உங்கள் கையால் வாங்கிக்கொண்டு போய்க் கட்டுவதும் சேராது. எவ்வளவு நெருங்கிய உறவாயினும் ஒரு முறை காசு உங்கள் கைக்கு வந்துவிட்டால், பிறகு கணக்கில் வரும் ஒவ்வொரு குறையும் உங்கள் தலையில்தான் விழும்.

கணக்கியல் படிக்காதவர் இதைச் செய்ய முடியுமா?

முடியும். கூட்டல், கழித்தல், நூற்றுவீதம் தெரிந்தால் போதும். அவற்றைவிட, ஒருவர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்கும் பொறுமையும் கேட்டதை வெளியே சொல்லாத நாவடக்கமும் வேண்டும். இவை இரண்டும் இல்லாதவர் கணக்கில் பட்டம் பெற்றிருந்தாலும் இதில் இறங்காதிருப்பது நல்லது.

முதற் சந்திப்பில் எதைக் கேட்க வேண்டும்?

முதலில் எதையும் கேட்காமல், வந்தவரைச் சொல்ல விடுங்கள். பெரும்பாலும் அவர் இன்றைய அவசரத்தைத்தான் சொல்வார்: நாளைக்குக் கிழமைக் கட்டு, கையில் காசில்லை. அது உண்மைதான், ஆனால் அது முழுக்கதை அன்று. அவர் பேசி முடித்த பின்னர், வீட்டில் உள்ள எல்லாப் புத்தகங்களையும் துண்டுகளையும் எடுத்துவரச் சொல்லுங்கள். சாமித்தட்டின் பின்னாலிருந்தோ அரிசி வாளியின் மேலிருந்தோ ஒரு பொலித்தீன் பை வரும். அதற்குள் கட்டு எழுதும் சிறிய அட்டைகள், அடைவுத் துண்டுகள், வங்கிப் புத்தகம், பிரிக்கப்படாத கடித உறைகள், யாருடையதென்று தெரியாத பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பிரிக்கப்படாத உறைகளைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். அவருடைய அனுமதியோடு, அவர் முன்னிலையில் பிரித்து, திகதி வாரியாக அடுக்குங்கள்.

பிறகு ஒரு தாளில், கடன் கொடுத்தவர் யார், எப்போது எடுத்தது, கைக்கு வந்த தொகை எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, மீதி எவ்வளவு, ஈடாக எது இருக்கிறது, பிணை நின்றவர் யார் என்று ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி எழுதுங்கள். எழுதி முடித்ததும் மூன்று விடயங்களைத் தனியாகக் கேட்க வேண்டும், ஏனெனில் அவற்றை யாரும் தாமாகக் கடன் என்று சொல்வதில்லை: எடுத்து முடித்துவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு, அயலவருக்காக அல்லது உறவினருக்காகத் தம் பெயரில் எடுத்துக் கொடுத்த லோன், கடையில் ஓடும் பற்று. இரண்டாவதுதான் வன்னியில் பல குடும்பங்களை அமிழ்த்தியிருக்கிறது. எடுத்தவர் ஊரைவிட்டுப் போயிருப்பார். கையெழுத்து வைத்தவர் கட்டிக்கொண்டிருப்பார்.

கணவன் மனைவி இருவரும் ஒன்றாக வந்தால் நல்லது. ஆனாலும் ஒருவருக்குத் தெரியாத கடன் மற்றவரிடம் இருக்கக்கூடும் என்பதை மனதில் வைத்து, இருவரோடும் தனித்தனியாகவும் சிறிது நேரம் பேசுங்கள்.

வருமானத்தை எழுதச் சொன்னால் "அப்படி நிரந்தரமாய் ஒன்றுமில்லை" என்கிறார்கள். என்ன செய்வது?

அவர்கள் சொல்வது சரியே. மாதச் சம்பளக்காரருக்காக வரையப்பட்ட வரவுசெலவுப் படிவத்தை வன்னிக் கமக்காரர் ஒருவரிடம் நீட்டுவதில் பயனில்லை. இரணைமடுவின் கீழோ முத்தையன்கட்டின் கீழோ வயல் செய்பவருக்குக் காலபோக நெல் மாசி, பங்குனியில்தான் காசாகும். சிறுபோகம் குளத்தில் தண்ணீர் இருந்தால் மட்டுமே. முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்பவருக்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வள்ளம் கரையில்தான். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் நாளாந்தம் வேலை, இடையில் கிழமைக்கு ஒரு நாள். ஆகவே சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டங்கள் வரைந்து, எந்த மாதத்தில் எந்தக் காசு வரும் என்று அவரைக் கொண்டே நிரப்புங்கள். அதன் கீழ் அதே பன்னிரண்டு கட்டங்களில் செலவையும் கட்டையும் எழுதுங்கள்.

இந்தத் தாளைப் பார்த்தவுடன் சிக்கலின் வேர் தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒரு தடவை அல்லது இரு தடவை வரும் காசைக் கொண்டு கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய கடனை எடுத்திருக்கிறார்கள். இடையில் வரும் வெற்றுக் கிழமைகளை நிரப்ப அடுத்த கடன், அதை நிரப்ப இன்னொன்று. வீண்செலவுதான் காரணம் என்று உபதேசம் செய்ய வருபவர்கள் இந்தத் தாளை ஒரு தடவை நிரப்பிப் பார்க்க வேண்டும். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பயிர் அழிந்தது. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த ஆண்டுகளிலும் கட்டு மட்டும் கிழமை தவறாமல் வந்துகொண்டேயிருந்தது.

பல கடன்கள் இருந்தால் எதை முதலில் கட்டச் சொல்வது?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள். மக்கள் இயல்பாகக் கட்டுவது அதிகம் சத்தமிடுபவருக்கு. படலையில் வந்து நிற்பவருக்கு, குழுக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கேட்பவருக்கு, தொலைபேசியில் நாளுக்குப் பலமுறை எடுப்பவருக்குக் காசு போய்விடுகிறது. ஓசையில்லாமல் இருக்கும் கடன்கள் பின்னுக்குப் போகின்றன. ஆனால் அதிகம் பறிப்பவை அந்த ஓசையில்லாதவையே: தபாலில் வரும் நகை ஏல அறிவித்தல், தவணை நெருங்கும் நிபந்தனை உறுதி (குறித்த திகதிக்குள் காசைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் காணி போய்விடும் என்ற எழுத்து), மின்சாரத் துண்டிப்பு அறிவித்தல், நீதிமன்ற அழைப்பாணை.

எனவே ஒவ்வொரு கடனுக்கும் நேரே, "இதை மூன்று மாதம் கட்டாவிட்டால் என்ன நடக்கும்?" என்ற கேள்விக்கான விடையை எழுதுங்கள். சாப்பாடு, மருந்து, பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகியவற்றுக்கான காசைக் கடன் கணக்குக்குள் கொண்டுவராமல் முதலில் ஒதுக்குங்கள். அதன் பின், இருக்கும் காணியையும் வீட்டையும் காக்கும் கடன், பிறகு உழைப்புக் கருவியைக் காக்கும் கடன், அதாவது லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்), முச்சக்கரவண்டி, வள்ளம், இயந்திரம் ஆகியவற்றின் லீசிங், பிறகு மின்சாரம், பிறகு ஏலத்துக்குப் போகும் திகதி நெருங்கிய நகை. உரக்கடைப் பற்றை எங்கே வைப்பது என்பதில் ஆலோசகர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அடுத்த போகத்துக்கு அந்தக் கடைக்காரர் தவிர வேறு எவரும் உரமும் எண்ணெயும் பற்றுக்குத் தரமாட்டார் என்றால், ஈடு எதுவும் இல்லாத கடனாயினும் அதை மேலே வைப்பதே என் எண்ணம். ஈடில்லாத குழுக்கடன், கைமாற்று ஆகியவை இவற்றுக்குப் பின்னர்தான் வரும். அவற்றைக் கட்டவே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. எல்லாருக்கும் முழுதாகக் கட்டக் காசு இல்லாதபோது குறைத்தும் தள்ளியும் கட்டக் கேட்க வேண்டியவை அவை என்பதே பொருள்.

"வருடத்துக்கு 24 வீதம்தான்" என்கிறார்கள். அது அதிகமா?

எதன் மேல் 24 வீதம் என்று கேட்க வேண்டும். ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவர் 50,000 ரூபாய் எடுக்கிறார். வட்டி 24 வீதம், அதாவது 12,000 ரூபாய். மொத்தம் 62,000 ரூபாயைப் பன்னிரண்டு மாதங்களில், மாதம் ஏறத்தாழ 5,167 ரூபாயாகக் கட்ட வேண்டும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் முதல் மாதம் கட்டியவுடனேயே முதல் தொகையில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடுகிறது. ஆறாம் மாதத்தில் ஏறத்தாழப் பாதி முதல்தான் அவர் கையில் இருக்கிறது. பன்னிரண்டாம் மாதத்தில் எஞ்சியிருப்பது கடைசித் தவணைக்குரிய 4,167 ரூபாய் முதல் மட்டுமே. வட்டியோ கடைசி வரை முழு 50,000 ரூபாய்க்கும் அறவிடப்படுகிறது. ஆண்டு முழுவதும் சராசரியாக அவர் கையில் இருந்த கடன் ஏறத்தாழ 27,000 ரூபாய். அதற்கு 12,000 ரூபாய் வட்டி என்றால் 44 வீதம் வருகிறது. இது தாளில் போடும் கரடுமுரடான கணக்கு. கணினியில் துல்லியமாகப் போட்டால் 42 வீதத்துக்குச் சற்றுக் குறைவாக வரும்.

இதோடு முடியவில்லை. ஆவணக் கட்டணம், காப்புறுதி, கட்டாய சேமிப்பு என்று முதல் நாளே 2,000 ரூபாயைக் கழித்து 48,000 ரூபாய் மட்டும் கையில் கொடுத்தால், அதே "24 வீதம்" 50 வீதத்தைத் தொட்டுவிடும். ஆகையால் கடன் தாளில் எழுதியிருக்கும் தொகையை விட்டுவிட்டு, கைக்கு வந்த தொகையைக் கேளுங்கள். மீற்றர் வட்டிக்கு, அதாவது தனியார் வட்டிக்காரரின் கடும் வட்டிக்கு, வாங்கியவரிடம் இந்தக் கணக்கே தேவையில்லை: நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் என்றால், முதல் குறையாமலேயே ஆண்டுக்கு 120 வீதம்.

நுண்நிதிக் கடன்களுக்கு (வருமானம் குறைந்தோருக்குக் கொடுக்கும் சிறு கடன்களுக்கு) இலங்கை மத்திய வங்கி 2018 இல் ஆண்டுக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பை விதித்தது. இத்தகைய வரம்புகள் காலத்துக்குக் காலம் மாற்றப்படுபவை, எல்லா வகை நிறுவனங்களையும் கட்டுப்படுத்துபவையும் அல்ல; ஆகவே ஒரு குறிப்பிட்ட கடனைப் பற்றி முறையிடுமுன், அந்த நிறுவனம் மத்திய வங்கியின் மேற்பார்வைக்குள் வருகிறதா, இப்போதைய வரம்பு என்ன என்பதை அந்த வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

குழுக்கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டத்தான் வேண்டுமா?

கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான குழுக்கடன்களில் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்கிறார்கள். அப்படியானால் பொறுப்பு உண்டு. ஆனால் கட்டு முழுதாகச் சேரும் வரை எல்லாப் பெண்களையும் மணிக்கணக்கில் கூட்டத்தில் உட்கார்த்தி வைப்பதற்கு எந்த ஒப்பந்தமும் உரிமை தருவதில்லை. எழுந்து வீட்டுக்குப் போகலாம். அதைச் சொல்வது எளிது என்பதும், எழுந்து போனவருக்கு அடுத்த நாள் முதல் சக உறுப்பினர்களின் முகத்தைப் பார்ப்பது கடினம் என்பதும் எனக்குத் தெரியும். குழுக்கடனின் உண்மையான ஈடு அந்த முகங்கள்தான். அதனால் ஒருவருக்கு மட்டும் ஆலோசனை சொல்லாமல், கூடுமானால் குழுவில் உள்ள எல்லாரையும் ஒரு பின்னேரம் கூட்டி, யாருக்கு எவ்வளவு நிலுவை என்பதை வெளிப்படையாக எழுதி, குழுவாகவே நிறுவனத்திடம் தவணை மாற்றம் கேட்க வையுங்கள். தனியாளின் கோரிக்கையைவிடக் குழுவின் கோரிக்கைக்கு மதிப்பு அதிகம்.

அறவிட வருபவர் வீட்டில் வந்து ஏசுகிறார், இரவிலும் வருகிறார். என்ன சொல்வது?

கடன் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அவமதிக்கவோ மிரட்டவோ இல்லை. மத்திய வங்கி 2023 இல் வெளியிட்ட நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அதன் மேற்பார்வையில் உள்ள நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. முறைப்பாட்டை முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்க வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு அனுப்பலாம். வந்த திகதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் யார் என்பவற்றை ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதிவைக்கச் சொல்லுங்கள். மாதங்கள் கழித்து நினைவிலிருந்து சொல்வதைவிட அந்தக் கொப்பிக்கு எடை அதிகம்.

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் இது வேறு வடிவமும் எடுக்கிறது. 2018 செப்ரெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் அறவீட்டின்போது பெண்களிடம் பாலியல் இணக்கம் கேட்கப்படுவதையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டார். இப்படியொன்றை ஒரு பெண் உங்களிடம் சொன்னால், அது கடன் பிரச்சினையாக இராமல் குற்றப் பிரச்சினையாகிவிடுகிறது. அவருடைய விருப்பத்தைக் கேட்டு, பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ பொலிஸ் நிலையத்தின் சிறுவர் பெண்கள் பிரிவிடமோ அவரோடு கூடப் போங்கள். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தையும் கொடுத்துவையுங்கள். நீங்கள் ஆணாக இருந்தால், அந்தப் பேச்சுக்கு நம்பிக்கையான ஒரு பெண்ணை அவருடைய சம்மதத்தோடு அழைத்துக்கொள்ளுங்கள்.

கடன் கட்டாவிட்டால் பொலிஸ் பிடிக்குமா?

கடனைக் கட்ட இயலாமற்போவது மட்டும் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் குற்றமன்று. அது சிவில் வழக்கு. ஆனால் கணக்கில் காசில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். எனவே தொகை எழுதாத காசோலையிலோ வெற்றுத் தாளிலோ ஒருபோதும் கையெழுத்திட வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் போகாமல் இருக்கவே கூடாது. போகாவிட்டால் எதிர்த்தரப்பு சொன்னதே தீர்ப்பாகிவிடும். அழைப்பாணை கையில் இருக்கும்போது நீங்கள் செய்ய வேண்டிய ஒரே வேலை, சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கோ ஒரு சட்டத்தரணியிடமோ அவரை அனுப்புவது.

எழுதிக் கையெழுத்திட்ட கடனுக்கு ஆறு ஆண்டுகளுக்குள்ளும், எழுத்தில் இல்லாத கடனுக்கு மூன்று ஆண்டுகளுக்குள்ளும் வழக்குத் தொடர வேண்டும் என்பது ஆட்சியுரிமைக் காலாவதிச் சட்டத்தின் பொது விதி. இடையில் ஒரு சிறு தொகை கட்டினாலும் காலக்கணக்கு மறுபடியும் தொடங்கக்கூடும். மிகப் பழைய கடனைத் தேடி யாராவது வந்தால், "ஒரு ஆயிரம் கட்டி அனுப்பிவிடு" என்று சொல்வதற்கு முன் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

காணியை ஈடு வைத்திருக்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

எந்த வகைக் காணி, எந்த வகை உறுதி என்ற இரண்டையும் பாருங்கள். வன்னியில் பெரும்பகுதிக் குடியேற்றக் காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேர்மிட்டில் வழங்கப்பட்டவை. பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றி அவற்றை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. வட்டிக்காரர் பேர்மிட்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருப்பதால் காணி அவருடையதாகிவிடாது. இதை அறியாமல் அந்தக் காகிதத்துக்காகவே அஞ்சி வட்டி கட்டுவோர் பலர்.

தனியார் உறுதிக் காணியாயின், நொத்தாரிசு எழுதியது ஈட்டு உறுதியா, நிபந்தனை உறுதியா, அறுதி உறுதியா என்று பாருங்கள். நிபந்தனை உறுதி என்பது குறித்த திகதிக்குள் காசைத் திருப்பிக் கொடுத்தால் காணி மீளும், தவறினால் வாங்கியவருக்கே போகும் என்ற எழுத்து. அறுதி, அதாவது முழு விற்பனை, எழுதிவிட்டு "வாய்ப்பேச்சில் திருப்பித் தருவார்" என்று நம்பியிருப்போரும் உண்டு. அவர்களை உடனே சட்டத்தரணியிடம் அனுப்புங்கள். ஈட்டுக்கும் நிபந்தனை உறுதிக்கும், 1941 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் அமைந்த கடன் இணக்கச் சபையிடம் விண்ணப்பிக்கும் வழி உண்டு. ஆனால் நிபந்தனை உறுதியின் தவணை முடிவதற்கு நாள் இருக்கும்போதே விண்ணப்பித்தாக வேண்டும். இதனால்தான் முதற் சந்திப்பிலேயே திகதியைப் பார்க்கச் சொல்கிறோம்.

தேசவழமைக்கு (வட மாகாணத் தமிழரின் மரபுச் சட்டத்துக்கு) உட்பட்ட திருமணமான பெண் தம் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமலாக்கப்பட்ட பெண்களுக்கு இது பெரிய தடை. அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறும் வழி இருக்கிறது.

அடைவு வைத்த நகையை மீட்பதா, விட்டுவிடுவதா?

இன்றைய விலையில் நகை எவ்வளவு பெறும், முதலும் வட்டியுமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்று பாருங்கள். பவுண் விலை ஏறியிருக்கும் காலத்தில் நகையை ஏலத்துக்கு விடுவது நட்டம். ஒன்றை விற்று மற்றவற்றை மீட்பது இலாபமாக இருக்கலாம். தாலிக்கொடியை விற்கச் சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டாம். கணக்கை மட்டும் காட்டுங்கள். எதை வைத்துக்கொள்வது என்பது அவருடைய முடிவு. ஏலம் ஏற்கெனவே நடந்திருந்தால், கடனும் செலவும் போக மிஞ்சிய தொகை உண்டா என்று எழுத்தில் கேட்க வையுங்கள்.

லீசிங் வாகனத்தைச் சீஸ் பண்ண வந்தால்?

வரும் வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு தவணை தவறியவுடனேயே கிளைக்குப் போய்ப் பேச வேண்டும். இனிக் கட்டவே முடியாது என்று தெரிந்தால், நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதத்தோடு வேறொருவருக்கு விற்று மீதியை அடைப்பது, வாகனம் பிடிபட்டு ஏலம் போவதைவிட அநேகமாக நல்ல விலை தரும். சம்மதமின்றி விற்பது குற்றவியல் சிக்கலில் முடியலாம்.

கிறிப்பில் பெயர் விழுந்தால் வாழ்நாள் முழுவதும் லோன் கிடைக்காதா?

கிறிப் என்று மக்கள் சொல்வது 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம். அங்கே இருப்பது கறுப்புப் பட்டியல் அன்று. எடுத்த கடன்களும் கட்டிய விதமும் பதிவாகியுள்ள அறிக்கை. ஒழுங்காகக் கட்டியதும் அதில் இருக்கும். கடன் கொடுப்பதா இல்லையா என்பதை வங்கியே தீர்மானிக்கிறது. தம்முடைய அறிக்கையை எவரும் கேட்டுப் பெறலாம். தம் பெயரில் வேறு யாராவது கடன் எடுத்திருக்கிறார்களா என்று அறிய இதைவிடச் சிறந்த வழி இல்லை. தனியார் வட்டிக்காரரின் கடன் அதில் வராது.

ஒரு பெரிய கடன் எடுத்துச் சிறு கடன்களை எல்லாம் அடைப்பது சரியா?

புதிய கடனின் உண்மையான வட்டி பழையவற்றைவிடக் குறைவாகவும், தவணை வருமானம் வரும் மாதங்களோடு பொருந்தியும், பழைய கணக்குகள் அன்றே மூடப்பட்டும் இருந்தால் சரி. சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கமோ சமுர்த்தி வங்கியோ இதற்கு முன்வந்தால் நிச்சயம் பரிசீலியுங்கள். கைபேசியில் சில நிமிடங்களில் கடன் தரும் செயலிகளை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அவற்றுள் சில தொலைபேசியில் உள்ள உறவினர் இலக்கங்களை எல்லாம் எடுத்து, தவணை தவறினால் அவர்களுக்கு அழைக்கின்றன.

அரசாங்கம் கடனை இரத்துச் செய்யப்போகிறது என்று ஊரில் கதை அடிபடுகிறது. கட்டாமல் இருக்கலாமா?

2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், பெண்கள் எடுத்து நிலுவையான, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு அத்தகைய நிவாரணம் ஒன்றை அறிவித்தது. அதற்கும் நிபந்தனைகள் இருந்தன. அன்று முதல் ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னும் இந்தக் கதை எழுகிறது. பிரதேச செயலகத்தில் எழுத்தில் காட்டும் வரை, கட்டிக்கொண்டிருப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

என் சகோதரன் இலண்டனில் இருக்கிறார். அங்கே கடனுக்கு அறுபது நாள் அவகாசம் தருகிறார்களாம். இங்கே கேட்க முடியாதா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே முதல் அப்படியொரு திட்டம் உண்டு; பதிவுபெற்ற ஆலோசகர் ஒருவர் விண்ணப்பித்தால் அந்த அறுபது நாட்களில் பெரும்பாலான கடன்களுக்கு வட்டியும் அறவீடும் நிறுத்தப்படும். இலங்கையில் அதற்கு ஈடான சட்டம் கிடையாது. இங்கே அவகாசம் என்பது கேட்டுப் பெறுவது. நிறுவனம் இணங்கினால் உண்டு. ஆனால் பறிபோவதைக் கொண்டு கடன்களை வரிசைப்படுத்தும் முறை அங்கேயும் ஆலோசகர்கள் கைக்கொள்ளும் முறையே. வெளிநாட்டு உறவினர் உதவ முன்வந்தால், காசைக் கைக்கு அனுப்பாமல் வரிசையில் முதலாவதாக உள்ள கடனின் கணக்குக்கு நேரே கட்டச் சொல்வது இரு பக்கத்துக்கும் நல்லது. முன்னர் அனுப்பிய காசு எங்கே போயிற்று என்ற மனத்தாங்கல் பல குடும்பங்களில் இப்போதே இருக்கிறது.

நிறுவனத்திடம் பேசப் போகும்போது எப்படித் தயாராவது?

பன்னிரண்டு மாதத் தாளின் பிரதியும், கட்டக்கூடிய தொகை எழுதிய ஒரு பக்கக் கடிதமும் போதும். "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கோ ஐயா" என்று கேட்பதைவிட, "மாசி அறுவடை வரை மாதம் 1,500 ரூபாய் கட்டுகிறேன், பங்குனியில் 20,000 ரூபாய் கட்டுகிறேன், அதுவரை தாமதக் கட்டணத்தை நிறுத்துங்கள்" என்று கேட்பது பலன் தரும். சொல்லும் தொகை மிகக் கெட்ட மாதத்திலும் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு தடவை வாக்குக் கொடுத்துத் தவறினால் அடுத்த தடவை காது கொடுக்கமாட்டார்கள். கிளையில் உங்களைவிடக் கடன்பட்டவரே அதிகம் பேசட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள். இணங்கியதை எழுத்தில் வாங்காமல் வெளியே வர வேண்டாம். தனியாரோடு உள்ள பிணக்காயின், 1988 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். வழக்கை விடச் செலவு மிகக் குறைவு.

சிறிய ஊரில் இரகசியம் காப்பது எப்படி?

ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்துபோவதே செய்தியாகிவிடும் ஊர்கள் இவை. சங்கக் கட்டடத்திலோ வாசிகசாலையிலோ வேறு வேலைகளுக்கும் ஆட்கள் வந்துபோகும் நேரத்தில் சந்தியுங்கள். கொப்பியில் பெயர் எழுதாமல் எண் போடுங்கள். உங்கள் வீட்டாருக்கும் சொல்ல வேண்டாம். நீங்களே சீட்டுப் பிடிப்பவராகவோ குழுக்கடன் சென்ரர் லீடராகவோ வட்டிக்குக் கொடுப்பவராகவோ இருந்தால், அதை முதலிலேயே சொல்லிவிட்டு அவரை வேறொருவரிடம் அனுப்புங்கள்.

வந்தவர் "செத்துப்போனால் நிம்மதி" என்கிறார். அதை எப்படி எடுத்துக்கொள்வது?

உண்மையாக எடுத்துக்கொள்ளுங்கள். தாளை மூடிவைத்துவிட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியே அனுப்பாதீர்கள். கமக்கார வீடுகளில் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அதை வேறிடத்துக்கு எடுத்துவைக்க வீட்டாரிடம் சொல்லுங்கள். இந்த ஒரு விடயத்தில் மட்டும், வீட்டாருக்குச் சொல்வது இரகசியத்தை மீறுவதாகாது. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். கடன் கணக்கு அடுத்த கிழமைக்கும் அப்படியே இருக்கும்.

ஒருவரை எவ்வளவு காலம் தொடர்ந்து பார்க்க வேண்டும்?

குறைந்தது ஒரு போகம். திட்டம் எழுதிய நாளில் எல்லாம் பொருந்துவதாகத் தெரியும். அறுவடைக் காசு கைக்கு வந்த கிழமையில்தான் அது சோதிக்கப்படும். அப்போது கோயில் திருவிழாவும் மகளின் சாமத்தியச் சடங்கும் கூரைத் தகரமும் ஒன்றாக வந்து நிற்கும். ஆகவே நெல் விற்ற இரண்டாம் மூன்றாம் நாளிலேயே சந்திக்க நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பற்றுச்சீட்டுகளையும் பழைய தாளையும் எடுத்துவரச் சொல்லி, கட்டியவற்றைக் கோடிட்டு, மீதியைப் புதிய தாளில் எழுதுங்கள்.